காலருக்குள் இருந்த வீடுகள்

மூன்றாவது படத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, புறாவின் அலகில் பேனாவை நிறுத்தினார் நகராட்சிப் பொறியாளர் அம்மா. "இந்தப் புறாவ எங்கயோ பார்த்திருக்கேனே" என்றார். எங்கேயோ என்ன, எல்லா இடத்திலும்தான் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரிச் சுவரில், பள்ளிக்கூடச் சுவரில், தண்ணீர்த் தொட்டியில், அவர் காரை ஒட்டி நிறுத்திவிட்டு வந்த அதே சுற்றுச்சுவரில். பாதி நான் வரைந்தவை, மீதி என்னைப் போன்ற யாரோ வரைந்தவை. முதல் படத்தில் சூரிய உதயம் வைத்திருந்தேன். இரண்டாவதில் பூமி உருண்டையைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் குழந்தைகள். இரண்டையும் அவர் அதட்டாமல், சிரிக்காமல் மடித்துக் கையில் கொடுத்திருந்தார். இதையும் அப்படியே மடித்தார். "அடுத்த வாரத்துக்குள்ள வேற எதாவது கொண்டு வாங்க. இல்லன்னா அச்சடிச்ச ஷீட்ட வாங்கி ஒட்டிடச் சொல்லிட்டாங்க மேல. எனக்கும் அது பிடிக்கல. ஆனா இந்தப் புறாவுக்கு ஷீட்டே தேவலாம்."

வெளியே வந்து அந்தச் சுவர் முன்னால் நின்றேன். பேருந்து நிலையத்தில் புதிதாகக் கட்டிய காத்திருப்புக் கூடத்தின் பின்சுவர் அது. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் நிற்பவரின் முகம் தெரியாது, அவ்வளவு நீளம். பூச்சு வேலை முடிந்து சாம்பல் நிறத்தில், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடங்களாக எனக்குச் சுவர்களுக்குப் பஞ்சமில்லை. கடை ஷட்டர்கள், மழலையர் பள்ளியின் யானையும் எறும்பும், 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று சொல்லும் சொட்டும் குழாய் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். என்ன வரைய வேண்டும் என்பதை மட்டும் எப்போதும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்தச் சுவருக்குத்தான் முதன்முதலாக ஒருத்தர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன வரையப் போறீங்க?" என்று கேட்டார். அன்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. வீட்டுக்கு வந்து தாளை விரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. எனக்கு வரையத் தெரியும், என்ன வரைவது என்று தெரியாது. இத்தனை வயதுக்குப் பிறகு இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் வீட்டின் முன்பாதி என் மனைவியின் சலவைக்கடை, பின்பாதி நாங்கள். கடை அவளுடையது, வீட்டை ஓட்டுவதும் அந்தக் கடைதான். நான் ஓவியர் என்பதைத் தெருவில் எல்லோரும் மரியாதையாகச் சொல்வார்கள், மரியாதைக்கு நடுவே ஒரு சின்னச் சிரிப்பும் இருக்கும். அன்று வந்ததும் வராததுமாகச் சுருட்டிய தாளை மூலையில் வீசிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மனைவியின் தம்பி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே என்னைப் பார்த்தான். "என்ன மாமா, புறா பறந்துடுச்சா?" என்றான். மனைவி என் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். ஆறுதல் சொல்வது அவளுக்குக் கைவராத கலை. அதற்குப் பதிலாக யாருக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள்.

"சும்மாதான உக்காந்திருக்கீங்க. இந்தக் குவியலப் பிரிச்சு வீடு வீடா அடுக்குங்க" என்று, உலர்த்தும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த துணியை என் மடியில் கொட்டினாள்.

சூடு தொடையில் ஏறியது. சோப்புத் தூளின் வாசனையோடு, தண்ணீர் தெளித்த துணியில் இஸ்திரி படும்போது வரும் இலேசான கருகல் வாசனையும் கூடத்தில் நின்றது. வெள்ளைச் சட்டைகள், தலையணை உறைகள், போர்வைகள், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் மேலங்கிகள், யாரோ ஒரு குழந்தையின் பள்ளிக்கூடக் கால்சட்டை. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. எது யார் வீட்டுடையது என்று தெரிய, காலரையோ ஓரத்தையோ திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே அவள் தைத்த அடையாளம் இருக்கும். வெள்ளைத் துணியில் சிவப்பு நூல், கருப்புத் துணியில் வெள்ளை நூல். விரல் நகம் அளவுதான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றா சொன்னேன்? கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

முதல் சட்டையில் மூன்று படிகள். இரண்டாவதில் அலை அலையாக ஒரு கோடு. நர்ஸின் மேலங்கியில் சாய்ந்த மூன்று தையல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புள்ளி. ஒரு போர்வை மூலையில் கால் ஒடிந்த நாற்காலி. படி வீட்டுத் துணியைப் படியோடும், அலை வீட்டுத் துணியை அலையோடும் அடுக்கிக்கொண்டே போனேன். பாதிக் குவியலுக்கு மேல் கை தானாக நின்றுவிட்டது. மடியில் கிடந்த வெள்ளைத் துணிகளின் நடுவே இந்தச் சின்னச் சின்னச் சிவப்புகள் சிதறிக் கிடந்தன. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்ல வேண்டியவளோ இரண்டடி தள்ளி நின்று பொத்தான் உடைந்த சட்டையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படி யாரு?" என்று கேட்டேன்.

"புத்தகக் கடைக்காரரு. முதல் தடவ துணி வாங்க நான்தான் போனேன். வாசல்ல மூணு படி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம். விழ இருந்தேன்."

"அலை?"

"அவரு பேசவே மாட்டாரு, விசிலடிச்சுக்கிட்டே இருப்பாரு."

"நர்ஸம்மாவுக்கு ஏன் இப்படி?"

"எப்ப வந்தாலும் தல ஈரமாவே இருக்கும். தண்ணி சொட்டும். நைட் டியூட்டி முடிஞ்சு குளிச்சிட்டு நேரா இங்கதான் வருவா."

"இதுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கலாம்ல? எல்லாரும் நம்பர்தான போடுறாங்க."

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "நம்பர ஞாபகம் வெச்சுக்கணும். இத ஞாபகம் வெச்சுக்க வேணாம். பார்த்தா ஆளே வந்து நிக்கும்."

இவளோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒருநாள் கூட, நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டதில்லை. நான் வெளியே போய்ப் புறா தேடிக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம், இவள் இங்கே உட்கார்ந்து ஊரையே வரைந்து முடித்திருக்கிறாள். எனக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. பசியோடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தவனுக்குச் சொந்த அடுப்பில் சோறு வெந்திருந்தால் வருமே, அந்தச் சந்தோஷம். "இதத்தான் சுவர்ல போடப் போறேன்" என்றேன்.

"எத?"

"இந்த அடையாளங்கள. பெருசு பெருசா. சுவர் பூரா."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஊசியை மேசையில் குத்தி வைத்தாள். "வேணாம்."

"ஏன்?"

"அது அவங்க சட்டைக்குள்ள இருக்கிறது. கழுத்த ஒட்டி இருக்கும், வெளிய தெரியாது. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னுதான நான் மூட்டை கட்டித் தரேன்? அதக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுல எழுதி வெப்பீங்களா?"

தம்பி இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. முதன்முதலாக ஒரு படம் கிடைத்திருக்கிறது, அதைத் தடுப்பவள் அதைப் படைத்தவளேதான். யாருக்குத் தெரியப்போகிறது, பெயரா எழுதப்போகிறேன் என்றெல்லாம் குரலை உயர்த்திப் பார்த்தேன். அவள் அடுத்த சட்டையை எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். அன்று முழுவதும் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்னால், பொட்டலங்களைச் சைக்கிளில் அடுக்கிக்கொண்டே அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"ஒவ்வொரு வீட்டுலயும் போய்க் கேளுங்க. சரின்னு சொன்னா போடுங்க. ஒருத்தர் மாட்டேன்னாலும் அவங்களோடது கூடாது. இந்தாங்க சைக்கிள்."

இப்படியாக ஓவியர், டெலிவரி ஆள் ஆனார். ஒவ்வொரு வாசலிலும் பொட்டலத்தை நீட்டிவிட்டு, காலருக்குள் இருக்கும் சின்னத் தையலைச் சுவரில் பெரிதாக வரையலாமா என்று கேட்க வேண்டும். நீங்களே யோசித்துப் பாருங்கள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதைக் கேட்பது? ஒரு அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தன் ரவிக்கையின் உள்பக்கத்தை முதல்முறையாகப் பார்த்தார். "ஐயோ, இது நூல் பிரிஞ்சு தொங்குதுன்னு நெனச்சு ரெண்டு தடவ வெட்டியிருக்கேனே" என்று வருத்தப்பட்டார். புத்தகக் கடைக்காரர் யோசிக்க நேரம் கேட்டார். யோசித்துவிட்டு, "போட்டுக்கோங்க, ஆனா வாசல்ல படியச் சரி பண்ணிட்டேன், அது தெரியணுமா?" என்றார். விசில்காரர் தலையை ஆட்டிவிட்டு விசிலைத் தொடர்ந்தார். ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து, "எங்களோடது வேணாம்" என்று சொல்லி மூடிவிட்டார்கள். காரணம் கேட்க எனக்கு உரிமை இல்லை. அந்த வீட்டு அடையாளம் என்ன என்பதை இங்கேயும் நான் சொல்லப்போவதில்லை.

பேருந்து ஓட்டுநர் ஒருத்தர் மட்டும் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துவிட்டார். பேருந்து நிலையத்திலேயே வேலை. அந்தச் சுவருக்கு எதிரில்தான் அவர் வண்டி தினமும் நிற்கும். "எங்களோடதயா? நம்ம ஸ்டாண்டுலயா?" என்று கேட்டவர், பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, நம்மள சுவத்துல போடப் போறாங்களாம்!" பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பெருசாப் போடுங்க, நான் சீட்டுல இருந்து பார்த்தா தெரியணும்" என்றார்.

மூன்று படங்களைத் திருப்பி அனுப்பிய மேசையில் நான்காவது தாளை விரித்தேன். வெறும் வெள்ளைப் பரப்பு, அதில் சிவப்புத் தையல்கள் மட்டும். பொறியாளர் அம்மா தாளின் மேல் குனிந்தார். பேனாவைக்கூட எடுக்கவில்லை.

"இதெல்லாம் என்ன?"

"வீடுங்க மேடம்."

கதையைச் சொன்னேன். மனைவி பெயரில்தான் இது வர வேண்டும், நான் பெரிதாக்குகிறேன், அவ்வளவுதான் என்றும் சொன்னேன். அவர் தாளின் மேல்மூலையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "இந்த வரைபடத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும், ஒரு கோடு மாறக் கூடாது" என்றார். அந்த அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லும் வாசகம்தான். இருந்தாலும் அன்று அது எனக்கு ஆசீர்வாதம் போலக் கேட்டது.

வேலை நன்றாக நடந்தது. வீடுகள் குறைவு, சுவர் நீளம். அதனால் ஒவ்வொரு வீடும் இரண்டு முறை வரும்படி திட்டம். இடப்பாதியில் எல்லோரும் ஒரு சுற்று, வலப்பாதியில் இன்னொரு சுற்று. நூலைச் சுண்ணாம்பில் தோய்த்து இழுத்துக் கட்டம் போட்டேன். தூரிகையைத் தட்டையாகப் பிடித்து, ஒவ்வொரு கோட்டையும் முறுக்கிய நூல் போலவே இழுத்தேன். தையல் எங்கே துணிக்குள் இறங்குகிறதோ அங்கே சற்று அழுத்தம், எங்கே மேலே வருகிறதோ அங்கே சற்றுப் பருமன். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் பின்னால் நின்று, கடிதம் எழுதுகிறானா, கணக்குப் போடுகிறானா என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அதில் எரிச்சலே வரவில்லை. காலையில் ஏணியில் ஏறும்போது இன்று யார் வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு நினைப்போடு நான் எந்தச் சுவரிலும் ஏறியதில்லை. இடப்பாதி முடிந்தது.

அன்று முற்பகலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சுவரின் இந்த முனையிலிருந்து பாதி வரை நடந்தார். திரும்பி நடந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னோடது போடலையா நீங்க?"

"போட்டிருக்கேனே. அதோ, நீங்க சொன்ன மாதிரி பெருசா." நான் கையை நீட்டிக் காட்டினேன். அரைவட்டமாக ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து கீழே இறங்கும் ஒரு கம்பு. குடை. மழை நாளில் அவர் முதன்முதலாகத் துணி கொண்டு வந்தபோது பிடித்திருந்த குடை என்று மனைவி சொல்லியிருந்தாள்.

"அது என்னோடது இல்லைங்க. எங்களோடது படகு."

"இல்லைங்க, குடைதான்."

"எங்க வீட்டுத் துணி எனக்குத் தெரியாதா? புள்ளைங்க சின்னதா இருக்கும்போதே சொல்லி வெச்சிருக்கேன், நாம படகு வீட்டுக்காரங்கன்னு!"

அவர் சீருடைச் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றி, காலரைப் பின்னால் இழுத்துக் குனிந்து காட்டப் பார்த்தார். தெரியவில்லை. உடனே அத்தனை பேர் முன்னிலையில் சட்டையையே கழற்றி, தோளைப் பிடித்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். உள்பனியனோடு நின்றுகொண்டிருந்த அந்த மனிதரின் கையில், காலருக்குள், ஒரு படகு. நடுவில் பாய்மரக் கம்பு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனைவி தைக்கும்போது சட்டை மேசையில் கிடக்கும், காலர் அவள் வயிற்றுப் பக்கம், சட்டையின் அடிப்பக்கம் எதிரே. அவள் நேராகத் தைப்பாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேதான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் சட்டைக்குச் சொந்தக்காரர் அதைக் காலர் மேலே இருக்கும்படி தூக்கிப் பிடிப்பார், அல்லது கொக்கியிலிருந்து எடுப்பார். அவருக்கு எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். துணி வெளுக்கிற வீட்டில் வாழ்ந்து, அந்த வீட்டு மேசையிலிருந்தே ஊரைப் பார்த்தவனுக்கு மட்டும்தான் இந்தத் தப்பு வரும். பாதிச் சுவர் முடிந்துவிட்டது. ஊரில் அத்தனை வீட்டையும் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஏணியடியிலேயே உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். எதிர்முனையில் நீராவியின் சத்தம் மட்டும். பிறகு அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றால், விட்டு விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து. தம்பி என்ன என்ன என்று கேட்பதும், அவனுக்குச் சொல்லிவிட்டு இருவரும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. "படகாமா?" என்றாள் கடைசியில். "எனக்கு ஒருநாளும் யாரும் தலைகீழா இருந்ததில்லைங்க. நான் என்ன செய்யட்டும்?"

போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. இடப்பாதியைப் பார்த்தேன். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அது தப்பே இல்லை, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிவது அது. வலப்பாதி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அங்கே அவர்கள் கொக்கியிலிருந்து எடுக்கும்போது பார்ப்பதை வரையலாம். ஆனால் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த தாளில் எல்லாமே ஒரே பக்கமாக இருக்கிறது. ஒரு கோடு மாறக் கூடாது. மாறினால் ஷீட்.

பொறியாளர் அம்மாவை மதியம் கூட்டிவந்தேன். ஓட்டுநர் சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டி புறப்படும் நேரத்தையும் தள்ளிப்போட்டுவிட்டு, சாட்சி சொல்ல நின்றுகொண்டிருந்தார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு பாதியும் வேண்டும், இரண்டும் இரண்டு பக்கம் என்றேன். ஷீட் ஒட்டினாலும் பரவாயில்லை, இவர்களைத் தலைகீழாகவே விட்டுவிட என்னால் முடியாது என்று வாயை விட்டுவிட்டேன். என் இஷ்டத்துக்கு வரைய என் வாழ்நாளில் கிடைத்த ஒரே சுவர் அது.

அவர் சுவரைப் பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் மறுபடி பொத்தானில் கை வைக்கவும், "வேணாம், வேணாம், நம்புறேன்" என்றார் அவசரமாக. கையிலிருந்த வரைபடத்தை விரித்தார். பிறகு தாளை மெதுவாகச் சுற்றி, மேல்பக்கம் கீழே வரும்படி பிடித்தார். அவருடைய கையெழுத்தும் முத்திரையும் இப்போது தலைகீழாகக் கீழ்மூலையில் இருந்தன.

"இதுவும் அதே வரைபடம்தான?" என்றார்.

"ஆமா மேடம்."

"ஒரு கோடும் மாறலைல்ல?"

"மாறல மேடம்."

பேனாவை எடுத்து, தாளைத் திருப்பாமல், மேலே வந்திருந்த வெற்று மூலையில் இன்னொரு கையெழுத்துப் போட்டார். "முத்திரைக்கு அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். போகிற போக்கில் அவர் கை தன் கழுத்துக்குப் பின்னால் போய் எதையோ தடவிப் பார்த்தது. அங்கே தைத்த கம்பெனியின் சீட்டு மட்டும்தான் இருந்திருக்கும். அந்த அம்மாவுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று அன்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மழை தொடங்குவதற்குள் வலப்பாதியையும் முடித்தேன். அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பேருந்தே பிடிக்கத் தேவையில்லாதவர்கள், பொட்டலத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தூக்கிப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடப்பாதியில் கழுத்தைத் திருகினார்கள். வலப்பாதியில் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாதவரிடம் இது நாங்க என்றார்கள். நர்ஸம்மா ஈரத் தலையோடு வந்தாள். தன்னுடையதற்கு முன்னால் நின்று, எல்லாம் மேல்நோக்கி இருக்கே, செடி முளைச்ச மாதிரி என்றாள். விசில்காரரின் அலை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அவர் அதற்காகவும் விசிலடித்தார்.

மனைவி வரவில்லை. கடைக்கு யார் இருப்பார்கள் என்பாள். நான் வற்புறுத்தவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஒருநாள் தம்பி இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். "அக்கா, நீ போய்ப் பார்த்துட்டு வரலன்னா இன்னைக்கு ஒரு சட்ட கூட ஆகாது" என்றான். அவள் அவனை வைதாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். என்னோடு கிளம்பினாள்.

கூடத்தில் கூட்டம் இருந்தது. அவள் இடக்கோடியிலிருந்து ஆரம்பித்தாள். நின்று பார்க்கவே இல்லை, நடந்துகொண்டே போனாள், உதடு மட்டும் அசைந்தது. புத்தகக் கடை. அந்த அம்மா. நர்ஸு. குடை. தன் கடை மேசைக்கு முன்னால் துணியைப் பிரிக்கும் அதே வேகம். சின்ன நகம் அளவில் தைத்தது ஆள் உயரத்துக்கு நிற்பதில் அவளுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை போலிருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பாதி தாண்டினாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றுவிட்டாள்.

"இது யாருங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. ஓட்டுநர், வண்டியின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக. "நாங்கதாம்மா. படகு."

"படகு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். "நான் குடைன்னுல்ல தெச்சேன்."

"எங்களுக்குப் படகும்மா."

அவள் அடுத்ததற்கு நகர்ந்தாள். அதுவும் தெரியவில்லை. தன் கையால் நூறு தடவை தைத்ததைத் தெரியாமல் விழித்தாள். "இது?" என்றாள், யாரையும் பார்க்காமல். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், "அலமாரி. எங்க வீடு" என்றார். "இது?" வேறொரு குரல், "எங்களோடது. அருவின்னு வெச்சுக்கிட்டோம்." அவள் ஒவ்வொன்றின் முன்னும் தலையைச் சாய்த்து நின்றாள், கேட்டாள், சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். வருடக்கணக்காகத் துணி வாங்கிய வீடுகளுக்குள் இன்றுதான் உட்காரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது போல அவள் முகம் இருந்தது. நான் பின்தங்கிவிட்டேன். அவளை இப்படிப் பார்க்கக் கொடுத்துவைத்த சுவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஓட்டுநர் வண்டியை எடுத்தார். கூட்டம் அதில் ஏறிக்கொண்டது. கூடம் காலியாகிவிட்டது. அவள் வலக்கோடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். கடைசி அடையாளத்தின் முன்னால், தலையைச் சாய்த்தபடி, "இது யாரு?" என்று கேட்டாள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. எனக்குத் தெரியும், ஆனால் அந்த வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை. கதவைத் தட்டிவிட்டு, உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பவளைப் போல, அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.